நிழலைவிட்டு வெளியே வரும் அயோ

ஆந்திராவிலுள்ள எங்கள் குப்பம் ஊரில் ஏப்ரல் பிறந்தால் பகலெல்லாம் வெக்கையும் கல் குவாரித் தூசியும்தான். பட்டுப்புழுக்களுக்கு இரவுத் தழையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினால், மேற்கு வானில் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்குப் பக்கத்தில் வியாழன் காத்திருக்கிறது.

என் தொலைநோக்கியின் ஆடி 114 மில்லிமீட்டர்தான். அதிலேயே இரண்டு பழுப்புப் பட்டைகளும், 1610 ஜனவரியில் கலீலியோ கண்ட நான்கு நிலவுகளும் தெளிவாகத் தெரியும். வருகிறவர்கள் நான்கையும் எண்ணிவிட்டு உடனே கீழே இறங்கிவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தை, நான்கு என்றீர்களே, மூன்றுதானே இருக்கிறது?" என்றான். வியாழனின் விளிம்பைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். வியாழன் பார்வையைவிட்டு நழுவ நழுவக் குழாயை மெல்லத் தள்ளிக் கொடுத்தேன். திடீரென்று அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். வெறும் கருப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஒளி. மூன்று நான்கு நிமிடங்களில் அது முழு வெளிச்சம் பெற்றுவிட்டது. அதுதான் அந்த நான்கு நிலவுகளில் ஒன்றான அயோ.

இந்த மாதங்களில் நாம் வியாழனை, சூரிய ஒளி அதன்மேல் விழும் திசைக்குச் சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். அதனால் அதன் நிழல் நேர் பின்னால் மறையாமல் ஒரு பக்கமாக விலகி விழுகிறது. வியாழனுக்குப் பின்னாலிருந்து வந்த பிறகும் அயோ அந்த நிழலுக்குள்தான் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்த நிழலின் எல்லை எங்கே என்பதை நமக்குக் காட்டிக்கொடுப்பது அந்தச் சிறு நிலவுதான்!

அயோ ஒருமுறை சுற்றிவர நாற்பத்திரண்டரை மணி நேரம் ஆகிறது. பூமி வியாழனைவிட்டு விலகிச் செல்லும் மாதங்களில் அயோ இப்படி நிழலில் மறைந்து வெளிவரும் கிரகணங்கள் கணக்குக்குப் பிந்திப் பிந்தி நிகழ்வதைக் கவனித்துத்தான், ஒளி வந்துசேரவும் நேரம் பிடிக்கிறது என்று 1676இல் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் சொன்னார். அந்த இரவில் வியாழனின் ஒளி எங்கள் மாடிக்கு வர ஏறத்தாழ 43 நிமிடம். அப்படியென்றால் நான் கீழே தழை போட்டுக்கொண்டிருந்தபோதே அயோ வெளியே வந்துவிட்டது. பையனிடம் இதைச் சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான், மறுபடியும் குனிந்துகொண்டான்.

எங்களுக்குத் தென்கிழக்கே, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் இன்னொரு நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த ஒளி மறைவதை அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அளந்தார்கள். அந்த நிலவில் மெல்லிய வாயு மண்டலம் இருப்பதாக அப்போது கணித்தார்கள். அது அவர்கள் நினைத்ததைவிட மிக மிக மெல்லியது என்று பிறகு வாயேஜர் விண்கலம் காட்டியது. ஆனாலும் எங்கள் பக்கத்து மலையிலிருந்து கானிமீடை அளந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய பெருமை.

மே கடைசி வரை வியாழன் மாலையில் மேற்கே நன்றாகத் தெரியும். தொலைநோக்கி இல்லாதவர்கள் ஒரு சாதாரண பைனாகுலரைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பாருங்கள். நான்கில் இன்னொன்றான கலிஸ்டோவும் கானிமீடும் வியாழனைவிட்டு விலகி நிற்கும் இரவாக இருந்தால் அவை தப்பாமல் கண்ணில் படும்.