கன்ச்சிங் அருவிக்குக் கார் இல்லாமல் போய் வந்த கதை

ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூரில் இருக்கும் கன்ச்சிங் அருவி வாசலிலிருந்து ரவாங் ரயில் நிலையத்துக்குப் போக ஒரு ஓட்டுநர் எங்களிடம் கேட்ட தொகை இது. தூரம் பத்து கிலோமீட்டர்கூட இராது. நேற்று இரவு கோலாலம்பூர் செந்தூலில் உள்ள வீட்டுக்கு வந்து, குளித்துப் படுத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருவி அப்புறம்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. நான், தம்பி, தம்பியின் எட்டு வயது மகள், அத்தை, நான்கு பேரும் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறோம். காலையில் ரவாங்கிலிருந்து வர எவ்வளவு ஆகும் என்று வாடகைக் கார் செயலியில் பார்த்தபோது 13 வெள்ளி காட்டியது. மாலையில் அதே செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் ஏற்றார், இரண்டு நிமிடத்தில் ரத்து செய்தார். சரி, பெரிய சாலைக்குப் போய்ப் பேருந்து பிடிப்போம் என்று நடந்தோம். கோலாலம்பூர் – ரவாங் சாலையில் லாரிகள் காதுக்குப் பக்கத்தில் பறக்கின்றன. பாப்பா தம்பியின் தோளில் தூங்கிவிட்டாள். அத்தைக்கு முழங்கால் வலி. நாற்பது நிமிடம் நின்றும் ஒரு பேருந்துகூட வரவில்லை. தூரத்தில் மழை கறுத்துக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் அந்த வண்டி வந்து நின்றது. "அம்பது வெள்ளி, அக்கா. ஞாயித்துக்கெழம லா, வேற வண்டி கெடைக்காது" என்றார் ஓட்டுநர். நம்ம பையன்தான். அத்தைக்கு அதுதான் இன்னும் சுட்டது. "ஏன் தம்பி, நாங்க ரவாங் போறோமா கிள்ளான் போறோமா?" என்று கேட்டார். அவர் சிரித்தார், இறங்கி வரவில்லை. தம்பி பேசிப் பேசி 35க்குக் கொண்டுவந்தான். மழையில் ஒரு குழந்தையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் யார் பேரம் பேச முடியும்?

வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். அவர் கேட்டது அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேறு வழி இல்லாத இடம் என்று தெரிந்ததால்தான் அவர் அப்படிக் கேட்கிறார். கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டுக்குள் எத்தனை அருவிகள்! கையில் காசில்லாத குடும்பம் ஒரு நாள் முழுக்கக் குளித்து, சாப்பிட்டு, சந்தோஷமாக இருந்துவிட்டு வரலாம். அரசாங்கக் காடு, நுழைவுக் கட்டணம் சொற்பம். அந்த வாசல்வரை போய்ச் சேர மட்டும் கார் வேண்டும். கார் வாங்க முடியாதவர்களுக்குத்தானே இந்த மலிவான இடம் அதிகம் தேவை? சிலாங்கூரில் நகராண்மைக் கழகங்கள் ஸ்மார்ட் சிலாங்கூர் என்று இலவசப் பேருந்து விடுகின்றன. சனி, ஞாயிறு மட்டும் அதில் ஒன்றை ரவாங் நிலையத்துக்கும் கன்ச்சிங் வாசலுக்கும் இடையே ஓடவிட்டால் போதும். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி பத்து மலை நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து வாடகைக் காரில் உலு யாம் போகும் சாலை. பத்து (Batu) அணைக்கட்டைத் தாண்டியதும் இருபக்கமும் காடு நெருங்கிவிடும், காற்று மாறிவிடும். ஆற்றோரமாகத் தனியார் முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓர் இரவுக்குக் கூடாரம் போட இடம் பேசியிருந்தோம்.

இடத்துக்கு 40 வெள்ளி என்று போனில் சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததும் பாய்க்கு 10, விளக்குக்கு மின்சாரம் 10, குளியலறைக்குத் தலைக்கு 2 என்று வரிசையாக வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் பக்கத்துக் கூட்டம் ஒலிபெருக்கியை இறக்கியது. கரவோக்கே. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவரை. ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை, தவளை கேட்கவில்லை, சில்வண்டு கேட்கவில்லை. பாடினவர்களுக்குக் குரலும் நன்றாக இல்லை. முகாம்காரரிடம் போய்ச் சொன்னேன். "அவங்களும் காசு குடுத்துதான் வந்திருக்காங்க" என்றார். காட்டுக்கு வந்து காட்டின் சத்தத்தைக் கேட்கவிடாமல் பண்ணுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் கருத்து. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை அனுமதிக்கும் முகாமுக்கு நான் இனிப் போகமாட்டேன்.

இந்தப் பகுதியில் தங்குவதாக இருந்தால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது உரிமம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பத்தாங் காலி. 2022 டிசம்பர் 16, விடிவதற்கு முன், எல்லோரும் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அத்தைக்கு அது மறக்கவில்லை. கூடாரம் போடுவதற்கு முன் பின்னால் சரிவு இருக்கிறதா, மேலே சாலை போகிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். ஆற்றுக்கு ரொம்பப் பக்கத்திலும் வேண்டாம் என்று தள்ளிப் போடச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில்தான் போட்டோம்.

மறுநாள் காலை ஒரு வாடகைக் காரில் ரவாங் வழியாகக் கன்ச்சிங். அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

கன்ச்சிங்கில் அருவி ஏழு அடுக்காக இறங்குகிறது. கீழே உள்ள அடுக்குகளில் சிமெண்ட் படி, குடில், ஆழமில்லாத தேக்கம், பாறைமேல் உட்கார்ந்து காலை நனைக்கும் பாட்டிகள், ரப்பர் வளையத்தில் மிதக்கும் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே கூட்டம். தமிழ், மலாய், நேப்பாளி, பர்மியப் பேச்சு எல்லாம் கலந்து கேட்கும். வெளிநாட்டுத் தொழிலாளிகள் நிறைய வருகிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள், அதில் ஒரு பானை சோறும் ஒரு பாறையும் போதும் அவர்களுக்கு. எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே பிடித்தது.

அத்தை நேரே ஒரு குடிலைப் பிடித்துச் சாப்பாட்டைப் பிரித்துவிட்டார். அதிகாலையில் முகாம் அடுப்பில் சோறு வடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறிய புளிச்சோறு. முந்தின நாளே செய்து டப்பாவில் அடைத்த நெத்திலி சம்பால். அவித்த முட்டை. உருளைக்கிழங்கு வறுவல், மொறுமொறுப்புப் போயிருந்தது, ஆனாலும் தீர்ந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறிவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து அந்தப் புளிச்சோற்றில் சம்பாலைத் தொட்டு வாயில் வைத்தபோது, தலைநகரத்தில் எந்த உணவகத்திலும் நான் இப்படிச் சாப்பிட்டதில்லை என்று தோன்றியது. பக்கத்துக் குடிலில் இருந்த மலாய்க்காரக் குடும்பம் எங்களுக்கு ஒரு தட்டு பீஹூன் கோரேங் (வறுத்த அரிசிச் சேமியா) தந்தார்கள். அத்தை பதிலுக்குச் சம்பால் கொடுத்தார். அந்த அம்மா காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்டார்.

குரங்கு விஷயம் முக்கியம். பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தோ இறங்கி வந்துவிடும். எங்கள் கண் முன்னாலேயே ஒரு பெண்ணின் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சாப்பாட்டை ஜிப் போட்ட முதுகுப்பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையே கொண்டுபோகாதீர்கள், குரங்குக்குத் தீனி போடவே போடாதீர்கள். ஆட்கள் போட்டுப் போட்டுத்தான் அவை இப்படி ஆகியிருக்கின்றன.

சாப்பிட்டதும் அத்தையையும் பாப்பாவையும் கீழே விட்டுவிட்டு நானும் தம்பியும் மேலே ஏறினோம். ஏற ஏறப் படி மறைந்து வேரும் வழுக்குப் பாறையும்தான் பாதை. செருப்போடு வராதீர்கள், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். மழை பெய்திருந்தால் அட்டையும் இருக்கும். ஆனால் கூட்டம் கீழேயே நின்றுவிடுகிறது. மேல் அடுக்கு ஒன்றில் நாங்கள் போனபோது எங்களைத் தவிர இரண்டே பேர். கருங்கல் பாறையில் வெள்ளையாக வழிந்து இறங்கும் தண்ணீர், அடியில் மணல் தெரியும் தேக்கம். இறங்கிக் கழுத்தளவு நின்றேன். முகாமில் தூங்காமல் போன இரவு அங்கேயே கழன்று போயிற்று.

இந்தக் காட்டில் தமிழர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்று கபூர் மரம். தீபகற்ப மலேசியாவில் கபூர் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் கிழக்குக் கரை மாநிலங்களில்தான். மேற்கே கன்ச்சிங் அதற்கு ஒரு விதிவிலக்கு. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு மரத்தின் இலைக்கூட்டம் இன்னொன்றைத் தொடாது. நடுவில் ஆற்றுக்கிளைபோல வானம் ஓடும். கீழே விழுந்து கிடந்த ஒரு பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தேன், கற்பூர வாசனை! இந்த இன மரத்தின் கட்டைக்குள்ளிருந்து எடுத்த கற்பூரத்துக்காகத்தான் நம் வணிகர்கள் கடல் தாண்டி சுமத்ராவின் பாரூஸ் துறைமுகம்வரை போனார்கள். 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழு அங்கே வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த இலையைக் கீழே கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "கோயில் தீர்த்தம்" என்றார் உடனே. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை அதுவரை. கியாம் கன்ச்சிங் என்று இன்னொரு மரமும் உண்டு. உலகத்தில் இந்தக் காட்டைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அப்படிப்பட்ட காட்டில்தான் நாம் அடுப்புக்கரியையும் குழந்தை அணையாடையையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறோம். பார்த்தேன், ஒன்றல்ல, பல. கொண்டுபோனதைத் திரும்ப எடுத்துவர அவ்வளவு பாரமா?

மூன்று மணிக்கு மேல் யாரும் மேல் அடுக்குகளில் இருக்க வேண்டாம். பிற்பகல் மழை மலைமேல் பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் வந்துவிடும், அந்தத் திடீர் வெள்ளத்துக்குத் தப்பிக்க நிமிடங்கள்தான் கிடைக்கும். தண்ணீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், சாமானை விட்டுவிட்டு முதலில் கரை ஏறுங்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக உள்ளே போகும். போய்வந்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், அருவியில் குளித்தேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவு: ரயில், கார், முகாம், அந்த 35 வெள்ளி, ரவாங்கில் இரவு சாப்பிட்ட வாழையிலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு 290 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் கார் வாடகைக்கும் முகாமுக்கும்தான் போனது. முகாமை விட்டுவிட்டு ஒரே நாளில் ரவாங் வழியாகப் போய் வந்தால் நூறுக்குள் முடித்துவிடலாம், திரும்பும் வண்டியைக் காலையிலேயே விலை பேசி வைத்தால். ரவாங்கிலிருந்து செந்தூலுக்கு வர புத்ரா நிலையத்தில் ரயில் மாற வேண்டும். ஞாயிறு இரவு ரயில்களுக்கு இடைவெளி அதிகம், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அத்தை அடுத்து உலு லங்காட்டில் இருக்கும் சுங்கை காபாய் போக வேண்டும் என்கிறார். காஜாங்வரை எம்ஆர்டி ரயில் இருக்கிறது. அதற்கு அப்புறம் நியாயமான விலைக்கு வண்டி ஓட்டும் ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பள்ளி விடுமுறைக்கு முன்னால் போய்விட வேண்டும்.