நல்லா படிக்கிறான்மா

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் இராத்திரியில் அதையே மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

பையன் அப்போது ஒன்பதாவது. கொருக்குப்பேட்டையில் நாங்கள் நடத்தும் சாயங்கால வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்து சொல்லித்தருவோம். வந்த முதல் வாரமே 'கொக்கு' என்பதை 'கெக்கு' என்று படித்தான். 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ஒலி, அவன் கண்ணோ கொம்போடு நின்றுவிடும். போதாததற்கு அதே க கடலில் ஒரு மாதிரி, சங்கில் ஒரு மாதிரி, பகலில் இன்னொரு மாதிரி ஒலிக்கும். 247 எழுத்துகளில் பாதிகூட அவனிடம் நிற்கவில்லை. ஆனால் போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவான், மனக்கணக்கிலும் கெட்டி. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் எப்போதும் சொல்வேன், இவன் விஷயத்தில் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது வாரம் அவன் அம்மா வந்தார். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக மீன் விற்கிறவர். "டெய்லி நைட்டு எனக்குப் பேப்பரு படிச்சுக் காட்றான் மிஸ். எனக்குத்தான் எழுத்து தெரியாது, எம்புள்ளைக்குத் தெரியுதுல்ல? நல்லா படிக்கிறானா?" என்றார். இரண்டு நாள் முன்புதான் ஒரு தலைப்புச் செய்தியைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருந்தேன், அவனால் முடியவில்லை. டிவியில் கேட்டதைத்தான் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான். வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா படிக்கிறான்மா" என்றேன்.

அவன் மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் அன்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவன் ஒரு நாளும் மட்டம் போடவில்லை. தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்லி, இப்போது இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிறான். நான் சொன்ன பொய்யால் வந்த பலன் இது என்று சில நாள் தோன்றும். சங்கடமான பேச்சைத் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என்றும் சில நாள் தோன்றும்.

இப்போது அவன் பத்தாவது. கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தருவார்கள், அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கிடைப்பார். வாயால் சொல்லச் சொன்னால் அறிவியலில் அவன் தேறிவிடுவான், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மீன்பிடித் தடை இருந்த 61 நாளில் வியாபாரம் மந்தம் என்பதால் அந்த அம்மாவுக்குச் சாயங்காலம் கொஞ்சம் ஓய்வு இருந்தது. பரிசோதனைக்கு அழைத்துப் போகக் கையெழுத்து கேட்டுப் போனேன். குறைபாடு என்ற சொல் வந்ததுமே முகம் மாறிவிட்டது.

"எம்புள்ளைக்கு இன்னா கொறை? நீங்கதானே நல்லா படிக்கிறான்னு சொன்னீங்க?"

அதற்குப் பதில் இல்லை. அன்றைக்கே, "இல்லம்மா, எழுத்து அவனுக்குப் பிடிபடல, ஆனா மூளைக்காரப் பையன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கையெழுத்து கிடைத்திருக்குமா? அவனே வகுப்பில் இருந்திருப்பானா?

போன வாரம் அவனிடமே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீங்க உண்மைய சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன் மிஸ்" என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னானோ என்னவோ, அம்மாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிற பிள்ளை அவன். அப்புறம், "அம்மாகிட்ட நானே சொல்றேன், கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.