பவானி கேரளத்துக்குள் போய்த் திரும்பும் வழியில்

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காந்திபுரத்திலிருந்து ஆனைகட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் பெரிதாகச் செலவில்லை. கேரள எல்லையைத் தாண்டியதும் அட்டப்பாடி மலைப்பகுதியில் இருக்கிற அகளிக்கு 700 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். "இன்னைக்கு பஸ் கிடையாது சார்" என்று அடித்துச் சொன்னார். பேரம் பேசி 500-க்கு ஏறி உட்கார்ந்தால், பாதி வழியில் பஸ் எங்களை முந்திக்கொண்டு போகிறது! கையிலிருக்கும் காசை எண்ணி எண்ணிப் பயணம் போகிறவனுக்கு இது அநியாயம்.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் முக்காலியில் ஜீப் பிடித்து சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குள் போய்விடுகிறார்கள். நான் வந்தது பவானிக்காக. நீலகிரியில் பிறக்கிற ஆறு கேரளத்துக்குள் இறங்குகிறது. முக்காலியில் வடகிழக்காகத் திரும்பி அட்டப்பாடி வழியாக ஓடி, சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூர், பவானிசாகர் அணைகள், ஈரோட்டுப் பக்கம் பாசனம் தரும் காலிங்கராயன் வாய்க்கால், காவிரியில் கலக்கிற கூடுதுறை எல்லாம் அதற்கு அப்புறம்தான். கோவையில் பில்லூர்த் தண்ணீர் குடிக்கிற எத்தனை பேர் அது எந்த மலைச்சரிவு வழியாக வருகிறது என்று பார்த்திருப்போம்?

கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பகுதி. காடு அழிந்து மண் அரித்து, பவானியில் சேரும் கொடுங்கரைப்பள்ளம் என்கிற ஓடை பல வருடம் வறண்டே கிடந்திருக்கிறது. 1996-இல் ஜப்பான் கடனுதவியோடு அஹாட்ஸ் (அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம்) திட்டம் வந்தது. ஒவ்வொரு ஆதிவாசி ஊரிலும் ஊர் வளர்ச்சிக் குழு அமைத்து, கல் வரப்பும் தடுப்பணையும் மரம் நடுவதும் அந்த மக்கள் கையாலேயே நடந்தது. பள்ளத்தில் மறுபடி தண்ணீர் வந்தது.

அந்த வரப்பு ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் உயரம், சிமென்ட் கிடையாது, பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல்லைச் செருகியிருக்கிறார்கள். மேல்புறம் ஒரு சாண் அளவுக்கு நல்ல மண் சேர்ந்து புல் முளைத்திருக்கிறது. கீழ்ப்புறம் வெறும் சரளை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளர் பாட்டி, "இது நாங்க தூக்கி வெச்ச கல்லு கண்ணு" என்றார். தண்ணீர் கீழே யாருக்குப் போகிறது தெரியுமா என்று கேட்டேன். "உங்க ஊருக்குத்தான். அங்கிருந்து ஆரு வந்து பாத்தாங்க?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2017-இல் தேக்குவட்டை பக்கம் பவானியின் குறுக்கே கேரளம் தடுப்பணை கட்டியபோது தமிழ்நாட்டில் பெரிய போராட்டம் நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. கோடையில் வரத்து குறைந்தால் முதலில் காய்வது கீழே இருக்கிற வயல். ஆனால் மேலே மண்ணைப் பிடித்து வைத்தவர்களிடம் நாம் பேசவே இல்லை. இரண்டு அரசும் கடிதம் எழுதட்டும், வழக்குப் போடட்டும். அட்டப்பாடிக் குழுக்காரர்களும், சிறுமுகையில் பவானியைக் கெடுத்த விஸ்கோஸ் ஆலைக் கழிவை எதிர்த்துப் போராடியவர்களும், காலிங்கராயன் பாசன விவசாயிகளும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரே பந்தலில் உட்கார வேண்டும். ஒரு வருடம் முக்காலியில், அடுத்த வருடம் கூடுதுறையில். மொழிப் பிரச்சினையே கிடையாது, அட்டப்பாடியில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறார்கள். ஆடிப்பெருக்குக்கு கூடுதுறையில் முங்கி எழுகிறவர்கள் ஒரு வேன் பிடித்து மேலே வந்து பார்க்கட்டும், கீழிருந்து முதலடி வைக்க அதுவே போதும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அகளியில் ஒரு சின்னக் கடை, ராகிக் களியும் துவரைக் குழம்பும் 80 ரூபாய். அட்டப்பாடித் துவரைக்குப் புவிசார் குறியீடே உண்டு. பருப்பு பெரிது, குழைந்தாலும் கரையாமல் நாக்கில் நிற்கிறது. பக்கத்தில் ஆட்டுக்கொம்பு அவரைப் பொரியல். பெயருக்கேற்ப வளைந்த காய், ஊதா நிறம், அதற்கும் குறியீடு உண்டு. இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினேன், அதற்குக் காசு வாங்கவில்லை! ஆட்டோவில் போன எரிச்சல் அங்கே பாதி தணிந்தது.

போகிறவர்களுக்கு: ஆனைகட்டியில் யார் என்ன சொன்னாலும் பஸ்ஸுக்கு நில்லுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டு வையுங்கள். சில்லறை எடுத்துப் போங்கள். அந்தக் கல் வரப்புகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.