முன்னால் ஒத்துழைப்பு, பின்னால் விளம்பரம்

அமெரிக்க மத்திய அரசிடம் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புகள் எப்படிக் காரியம் சாதிக்கின்றன என்பதை அறிய 2009ஆம் ஆண்டைப் பார்த்தால் போதும். அவ்வாண்டு மார்ச்சில் ஒபாமா வெள்ளை மாளிகையில் கூட்டிய கூட்டத்தில், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏஎச்ஐபியின் தலைவர் கேரன் இக்னாக்னி எழுந்து, மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்துக்கு ஒத்துழைப்பதாக எல்லோர் முன்னிலையிலும் வாக்களித்தார். ஆனால் அதே ஆண்டில் அந்தக் கூட்டமைப்பு 8.62 கோடி டாலரை வணிக நிறுவனங்களின் சங்கமான அமெரிக்க வர்த்தக சபைக்குக் கொடுத்தது. சபையோ அந்தச் சீர்திருத்த மசோதாவை எதிர்த்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. சட்டம் நிறைவேறி எட்டு மாதங்கள் கழித்து, 2010 நவம்பரில்தான், வரிக்கணக்கு ஆவணங்களின் வழியாக இந்தத் தொகை செய்தியானது.

1993இல் கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்து, ஹாரி, லூயிஸ் என்ற தம்பதி சமையலறை மேசையில் பில்களைப் பார்த்துக் கவலைப்படும் விளம்பரங்களை, ஏஎச்ஐபிக்கு முன்னோடியான சங்கம் வெளிப்படையாகவே பணம் கொடுத்து வெளியிட்டது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் எடைபோட்டுக்கொள்வார்கள்.

இன்றும் காலாண்டுதோறும் தாக்கல் செய்யப்படும் லாபி அறிக்கையில், அதாவது அரசிடம் ஆதரவு திரட்டும் வேலை பற்றிய அறிக்கையில், செலவும், மசோதாக்களும், அணுகிய அவையும் துறையும் இருக்கும். எந்த நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்தார்கள் என்பது இருக்காது. அந்தப் பெயர்களையும், பிற அமைப்புகளின் விளம்பரங்களுக்குக் கைமாறும் பணத்தையும் உடனுக்குடன் வெளியிடுவது கட்டாயமாக வேண்டும்.