இல்லாத விளிம்பில் ஊன்றிய கை

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் புதிய அசெம்ப்ளி லைன் திட்டமிடப்பட்டபோது, வேலை செய்பவரின் உடலுக்கு வேலை பொருந்துகிறதா என்று பார்க்கும் பணிச்சூழலியல் ஆய்வு என் பொறுப்பில் வந்தது. தரையில் ஓர் இரும்புத் தூண்கூட நடப்படாத நிலையில், லைன் முழுவதையும் கணினிக்குள் வரைந்து, அதில் ஒரு மனித மாதிரியை நிற்கவைத்து வேலை செய்யப் பணித்தோம். மென்பொருளில் முன்பே இருந்த உடல்கள் நம்மவர்களைவிட உயரமானவை என்பதால், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல் வெளியிட்ட இந்திய உடலளவுத் தொகுப்பைப் பார்த்து, குள்ளமான பெண்ணின் அளவுகளைக் கொடுத்தோம்.

வேலை எளிதுதான்: ஆழமான இரும்புப் பெட்டியிலிருந்து ஆறு கிலோ ஏசி கம்ப்ரெஸரை எடுத்து லைனில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1991இல் திருத்திய, சுமை தூக்கும் வரம்புக்கான சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம். சுமை உடலிலிருந்து 50 செ.மீ. விலகினாலே அது 11.5 கிலோவாகப் பாதியாகிவிடும். குனிவதற்கும் திரும்பத் திரும்பத் தூக்குவதற்கும் மேலும் கழித்த பிறகும் எங்கள் கணக்கு தேறியது.

பிறகு, பழைய லைனில் இதே வேலையைச் செய்யும் ஓர் அக்காவை அழைத்து, கணினியில் வரைந்த லைனை நேரில் நிற்பதுபோல் கண்முன் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டிவிட்டோம். பெட்டியின் மூலையில் கிடந்த கம்ப்ரெஸரை எடுக்கக் குனிந்தவர், குதிகாலை உயர்த்தி, இடது கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றினார். அங்கே விளிம்பு ஏது? தடுமாறி விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தோம். கண்ணுக்குத் தெரியும் பொருள் கைக்குத் தட்டுப்படாது என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டியவன் நான்தான்.

ஆனால் அந்தத் தடுமாற்றம்தான் உண்மையைக் காட்டியது. எங்கள் மாதிரி இரண்டு கைகளாலும் தூக்கியது. அவரோ ஒரு கையில் உடலைத் தாங்கி, மறு கையால் தூக்குகிறார். நியோஷ் சூத்திரம் இரு கைகளால் தூக்குவதற்கு மட்டுமே பொருந்தும் என்பதால், தேறியதாக நான் எழுதிய கணக்கு அவருடைய வேலையைப் பற்றியதே அல்ல. அன்று மாலை பழைய லைனுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டிகளின் விளிம்பில், இடது கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. தினமும் அந்த வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பெட்டியை ஆள் நிற்கும் பக்கமாகச் சாய்க்கும் மேசையை வரைபடத்தில் சேர்த்தோம். அடுத்த சோதனையில் விளிம்பு இருக்கும் இடத்தில் உண்மையான இரும்புக் குழாயைப் பொருத்தி, ஆறு கிலோ மணல் மூட்டையும் வைத்தோம். அவர் இரு கைகளாலும் தூக்கினார். பழக்கத்தில் இரண்டு முறை மட்டும் இடது கை விளிம்பைத் தேடிப் போனது.