பீடத்துக்குப் பக்கத்தில்

பிரான்சின் கோல்மார் நகரில் உள்ள உன்டர்லிண்டன் அருங்காட்சியகம் முன்பு டொமினிக்கன் கன்னியர் மடமாக இருந்தது. அதன் பழைய ஆலயத்தில் நின்று, 'ஈசன்ஹைம் பீடம்' எனப்படும் கதவுகள் வைத்த பீடத்தின் ஓவியப் பலகைகளைக் காவல் காப்பது என் வேலை. வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பலகைகள்தானே நிற்கின்றன, பீடம் எங்கே?" சுவரிலுள்ள சின்ன மாதிரியைக் காட்டுவேன். கதவுகளை மூடினால் சிலுவை மரணம். திறந்தால் பிறப்பும் உயிர்ப்பும். இன்னொரு முறை திறந்தால் நடுவில் மரச்சிற்பமாகப் புனித அந்தோனியார். பதுவை நகரத்து அந்தோனியார் அல்ல, நம்மவர்கள் வனத்து அந்தோனியார் என்று கும்பிடுகிறவர். எல்லாப் பக்கங்களையும் பார்க்க வசதியாக இப்போது பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஓவியங்களை வரைந்தவர் ஜெர்மன் ஓவியர் கிரூனவால்ட், 1512க்கும் 1516க்கும் இடையில். ஈசன்ஹைம் ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் நோயாளிகளைப் பராமரித்த மடத்துக்காக வரைந்தார். அந்த நோய் வந்தது இப்படி: ரை தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சை ரொட்டி வழியே உடலுக்குள் போகும். கைகால் நெருப்பாய் எரியும், கறுத்து அழுகி விழும். 'அந்தோனியார் நெருப்பு' என்றார்கள். இது தெரியாமல் பார்த்தால் ஓவியம் வெறும் கொடூரமாகத்தான் படும். அதனால் யார் கேட்டாலும் நோயிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

சிலுவையில் தொங்கும் இயேசுவின் விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கும். தோல் முழுக்க முள் குத்திய புண்கள். அந்தோனியாரைப் பேய்கள் வதைக்கும் பலகையிலோ, இடது கீழ் மூலையில் வயிறு உப்பி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். வலது மூலையில் ஒரு காகிதம். அதில் லத்தீனில், "எங்கே இருந்தீர், நல்ல இயேசுவே? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?" பக்திப் படத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த ஓவியன் மீது எனக்குத் தனி மரியாதை.

2018 முதல் 2022 வரை நடந்த சீரமைப்பில் பழுப்பேறிய பழைய வார்னிஷை எடுத்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் விரலகலம் விரலகலமாகத் துடைப்பார்கள், பஞ்சு பழுப்பாகிவிடும். அடுத்த குச்சி. இப்போது நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

ஒருநாள் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்தார். சிலுவையடியில் நின்று முதலில் பாதங்களைத்தான் பார்த்தார். "மூச்சுவிடவே கஷ்டப்படுகிறார்," என்றார், வார்டில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. அப்புறம் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த மூலை நோயாளியின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூடும் நேரமாகிவிட்டது. நான் மற்ற பக்கமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அவரிடம் வந்தேன்.