ஃபேன் ஓடும் அறையில் கண்டன்சரா, டைனமிக்கா: நான்கு சுற்றுப் பதிவும் அளவுகளும்

குரல் பதிவுக்கு எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டால் உடனே வரும் பதில் இதுதான்: "ரூம் அமைதியா இருந்தா கண்டன்சர், இல்லேன்னா டைனமிக். டைனமிக் சுத்துப்பட்டுச் சத்தத்தை எடுக்காது." முதல் வாக்கியம் சரி. இரண்டாவதைத்தான் அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

எடுத்துக்கொண்டவை: ஷூர் எஸ்எம்58 (டைனமிக்), ஆடியோ டெக்னிகா ஏடி2020 (கண்டன்சர்), ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), 3 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முள் உள்ள மைக் கேபிள்), வாய்க்காற்றைத் தடுக்கும் நைலான் துணி பாப் ஃபில்டர், மேசை விளிம்பில் கவ்வும் பூம் ஆர்ம். சோலோவில் மைக் இன்புட் ஒன்றுதான். அதனால் இரண்டு மைக்கிலும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஆள், ஒரே பத்தி. அறை 10க்கு 12 அடி. டைல்ஸ் தரை, ஒரு சுவரில் பீரோ, கிரில் ஜன்னல், நடுவில் சீலிங் ஃபேன். ஃபேனை மூன்றில் வைத்தால் போன் ஆப் சுமார் 45 டெசிபல் காட்டுகிறது, நிறுத்தினால் 30 சொச்சம். போன் ஆப்பின் கணக்கை அப்படியே நம்ப முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம்.

வாசிக்க மூன்று வரி போதும். "பாப்பா பப்பாளிப் பழத்தைப் பறித்துப் போட்டாள்" காற்று அடிப்பதைக் காட்டிவிடும். "சரசுவின் சித்தி ஸ்டேஷனில் சில்லறை சேர்த்தாள்" சீறலைக் காட்டும். "வாழைப்பழம் விழுந்து அழுகியது" என்பது ழகரம் தெளிகிறதா, கொழகொழக்கிறதா என்று பார்க்க. கடைசியில் வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி சும்மா ஓட விட வேண்டும். பின்னணி இரைச்சலை அளக்க அந்தப் பத்து விநாடிதான் உதவும். பலர் அதை வெட்டிப் போட்டுவிட்டுப் பிறகு தேடுகிறார்கள்.

அளந்தது ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில். பேச்சைத் தேர்ந்தெடுத்து, பிறகு மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் உள்ள கான்ட்ராஸ்ட்டில் கொடுத்தால் இரண்டுக்கும் இடையே எத்தனை டெசிபல் என்று சொல்லிவிடும். கீழே "இடைவெளி" என்று வருவதெல்லாம் அந்த எண்தான். பெரிதாக இருந்தால் நல்லது.

முதல் சுற்று: இரண்டும் 15 செ.மீ., ஃபேன் ஓடுகிறது

ஏடி2020-இன் உணர்திறன் (ஒரே சத்தத்துக்கு மைக் எவ்வளவு சிக்னல் தருகிறது என்பது) -37 டெசிபல், எஸ்எம்58-க்கு -54.5. கிட்டத்தட்ட 17 டெசிபல் வித்தியாசம். டிஜிட்டல் பதிவில் 0தான் உச்ச அளவு, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. அதனால் சராசரி அளவை -20-க்குக் கொண்டுவர ஏடி2020-க்குச் சுமார் 42 டெசிபல் கெயின் (இன்டர்ஃபேஸ் செய்யும் பெருக்கம்) போதுமாக இருந்தது. எஸ்எம்58-க்குக் குமிழை முழுக்கத் திருகி 56 டெசிபல் கொடுத்தும் -23-ஐத் தாண்டவில்லை. "டைனமிக் மைக்ல சத்தமே வரல" என்ற புகார் பிறப்பது இந்த இடத்தில்தான். மைக்கில் கோளாறு இல்லை, தூரம் அதிகம்.

இரண்டையும் ஒரே அளவுக்கு உயர்த்திவிட்டு இடைவெளியைப் பார்த்தால்: ஏடி2020-க்கு 31, எஸ்எம்58-க்கு 33.

வெறும் இரண்டு டெசிபல். உணர்திறன் குறைந்த மைக் ஃபேனைக் குறைவாக எடுப்பது உண்மைதான், ஆனால் குரலையும் அதே அளவு குறைவாகத்தான் எடுக்கிறது. குரலைத் தூக்கக் கெயினைக் கூட்டினால் ஃபேனும் கூடவே ஏறி வருகிறது. ரேடியோவின் வால்யூமைக் குறைத்தால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து குறைவது மாதிரி. அந்த இரண்டு டெசிபலும் எங்கிருந்து வந்தது என்றால், எஸ்எம்58 அடி ஒலியைக் கொஞ்சம் உதிர்த்துவிடுகிறது, மேலே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஃபேனின் உறுமல் கொஞ்சம் அங்கே கழிகிறது, அவ்வளவே.

டைனமிக்கில் "ஹிஸ்" அதிகம் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். சோலோவில் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல் -128 டிபியூ (மின் சிக்னலை டெசிபலில் சொல்லும் அளவு). முக்கால் சாண் தூரத்தில் எஸ்எம்58 தரும் சிக்னல் சுமார் -70. நடுவே 58 டெசிபல் இருக்கிறது. ஃபேன் 33-இலேயே வந்து நிற்கும்போது 58-இல் உள்ள ஹிஸ் யார் காதிலும் விழாது. மலிவான மிக்சர்களில் கதை வேறு. அங்கே கடைசிக் கால் திருப்பில் 'ஸ்ஸ்ஸ்' என்று எழும்.

இரண்டாம் சுற்று: எஸ்எம்58, 5 செ.மீ.

உதட்டுக்கும் வலைக்கும் நடுவே மூன்று விரல். கெயின் 50-இல் நின்றது. இடைவெளி 33-இலிருந்து 42-க்குத் தாவியது. தூரத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் குரல் 9.5 டெசிபல் ஏற வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஃபேனோ ஆறேழு அடிக்கு மேலே இருக்கிறது, மைக்கைப் பத்து செ.மீ. நகர்த்தியதை அது கண்டுகொள்ளாது. "டைனமிக் சத்தத்தை எடுக்காது" என்று ஊரில் சொல்வதன் உண்மையான பொருள் இதுதான்: டைனமிக்கை வாயருகே வைத்தால் தாங்கும். அறையை வெல்வது அந்த நெருக்கம்.

ஆனால் கிட்டே போனதும் குரல் தடித்துவிடும். கார்டியாய்டு மைக் (முன்பக்கத்தைக் கேட்டு, பின்பக்கத்தை ஒதுக்கும் வகை; இந்த இரண்டும் அதுதான்) எதுவாக இருந்தாலும் நெருங்கினால் அடி ஒலி வீங்கும். 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது), 200-க்குக் கீழே 3 டெசிபல் குறைப்பு என்று மென்பொருளில் ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டதும் ழகரம் தெளிந்தது. பப்பாளி வரி பெரும்பாலும் தப்பித்தது, காரணம் எஸ்எம்58-இன் உருண்டை வலைக்குள்ளேயே பஞ்சு இருக்கிறது. (வலையைத் திருகிக் கழற்றி, பஞ்சைத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டலாம். பலர் வாய் வைத்த மைக் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது.) தமிழின் பகரம் ஆங்கிலத்தில் சொல்லுக்கு முதலில் வருவதுபோல் மூச்சைத் தள்ளிக்கொண்டு வராது. அது நமக்கு ஒரு லாபம். வீட்டில் பேசும் தமிழில் கலந்து வரும் 'பேப்பர்', 'பார்க்கிங்' போன்ற சொற்களில்தான் திடீரென்று அடிக்கிறது.

நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 5 செ.மீ.-இல் இருக்கும் தலை 8-க்கு நகர்ந்தால் சத்தம் 4 டெசிபல் விழுகிறது, தடிப்பும் மாறிவிடுகிறது. 15-இலிருந்து 18-க்கு அதே மூன்று செ.மீ. நகர்ந்தால் ஒன்றரை டெசிபல்தான். பக்கத்தைப் புரட்டும்போது, மூச்சு இழுக்கும்போது தலை ஆடும். பத்து நிமிடப் பேச்சில் தெரியாது. இரண்டு மணி நேரம் கதை வாசித்தால் தெரியும்.

மூன்றாம் சுற்று: கண்டன்சரையும் கிட்டே கொண்டுபோனால்?

போகலாம், முழுக்க முடியாது. பாப் ஃபில்டருக்கு இடம் விட்டு 8 செ.மீ. வரை. இடைவெளி 31-இலிருந்து 36 ஆனது. ஆனால் உதடு பிரியும் 'சப்', எச்சில் ஒட்டும் ஓசை, மூக்கு மூச்சு எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. காரணம் எளிது. டைனமிக்கில் மெல்லிய சவ்வோடு கம்பிச் சுருளும் ஒட்டியிருக்கிறது. ஒலி அந்தப் பாரத்தையும் சேர்த்து ஆட்ட வேண்டும். கண்டன்சரில் சில மைக்ரான் தடிமனுள்ள சவ்வு மட்டும்தான். சின்ன ஓசைக்கும் துள்ளும். சரசு வரியில் சகரமும் கூர்மையாகக் குத்தியது. மைக்கை 30 டிகிரி திருப்பி, வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்துக்கு நேராக வைத்ததும் காற்றும் சீறலும் தணிந்தன. பாப் ஃபில்டரை மைக்கோடு ஒட்டி வைத்தால் பயன் இல்லை, நடுவே நாலு விரலாவது வேண்டும்.

ஏடி2020-ஐப் புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறு ஒன்று: எஸ்எம்58 போல் நுனியில் பேசுவது. அது பக்கவாட்டில் கேட்கும் மைக். நுனியில் பேசினால் குரல் மங்கும், அறை முன்னால் வரும். பெயர் பொறித்த பக்கம் வாயைப் பார்க்க வேண்டும்.

நான்காம் சுற்று: ஃபேன் நிறுத்தம்

ஏடி2020 மறுபடி 15 செ.மீ. இடைவெளி 31-இலிருந்து 46. எந்த மைக்கும் கொடுக்காத முன்னேற்றத்தை ஒரு சுவிட்ச் கொடுத்தது. ஒலிப்புத்தகம் பதிவேற்றும் ஏசிஎக்ஸ் தளத்தின் வரையறைப்படி சராசரி -23-க்கும் -18-க்கும் நடுவே, உச்சம் -3-க்குள், பின்னணி இரைச்சல் -60-க்குக் கீழே இருக்க வேண்டும். குரல் -20 என்றால் இடைவெளி 40 தேவை. ஃபேனோடு கண்டன்சர் தேறவில்லை. ஃபேனோடு நெருங்கிய டைனமிக் 42 எடுத்து விளிம்பில் தேறியது. ஃபேன் இல்லாத கண்டன்சர் தாராளமாகத் தேறியது.

ஃபேன் நின்றதும் அதுவரை மறைந்திருந்த இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

ஒன்று, எக்கோ. டைல்ஸும் வெற்றுச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. கை தட்டினால் 'டிங்' என்று ஒரு வால் கேட்டால் அதுதான். மெத்தை, போர்வை, கம்பளி எதுவானாலும் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தைக் கேட்காது, பேசுபவரின் முதுகுப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுவது பெரும்பாலும் படத்துக்கு அழகு. முட்டை அட்டை அதற்கும் உதவாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் செலவில்லாமல் பாதி வேலை முடியும்.

இரண்டாவது, 50 ஹெர்ட்ஸ் முனகல். இரண்டு முள் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் சுர்ரென்று லேசாக இருக்கும். அந்தக் கசிவு பதிவிலும் வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்தால் போய்விடுகிறது, நிரந்தரத் தீர்வு எர்த் உள்ள மூன்று முள் இணைப்பு. முனகல் எஸ்எம்58-இல் மட்டும் வந்தால் மைக்கை அடாப்டரிலிருந்து ஓரடி தள்ளிப் பாருங்கள். உள்ளே இருப்பது கம்பிச் சுருள், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை அது நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஷூரின் எஸ்எம்7பி-இல் இதை ரத்து செய்யத் தனிச் சுருள் வைத்திருக்கிறார்கள். ஆனால் எஸ்எம்7பி இன்னும் 4.5 டெசிபல் மந்தம். இதே நெருக்கத்தில் அதற்கு 54 டெசிபல் கெயின் தேவைப்படும், சோலோவில் மிச்சம் இரண்டே டெசிபல். மென்மையாகப் பேசுபவர் என்றால் கிளவுட்லிஃப்டர் போன்ற 25 டெசிபல் பூஸ்டரோ, 69 டெசிபல் கெயின் உள்ள ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறையோ வேண்டியிருக்கும். வாங்கும் முன் மைக்கின் விலையோடு இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

48 வோல்ட்டும் கேபிளும்

கண்டன்சருக்கு பேண்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம், கட்டாயம். இந்த 48 வோல்ட் முறையை நியூமன் நிறுவனம் 1966-இல் நார்வே வானொலிக்காகக் கொண்டுவந்தது. எஸ்எம்58 சந்தைக்கு வந்ததும் அதே 1966. ஏடி2020-இல் மின்னூட்டம் சவ்வுக்குப் பின்னால் உள்ள தகட்டிலேயே நிரந்தரமாக ஏற்றப்பட்டிருக்கிறது, 48 வோல்ட் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை ஓட்டத்தான். கேபிளை மாட்டு, கெயினைக் குறை, 48 வோல்ட்டை அழுத்து, பத்து விநாடி பொறு, பிறகு கெயினை ஏற்று. கழற்றும்போது தலைகீழ் வரிசை. எஸ்எம்58-ஐ மாட்டியிருக்கையில் 48 வோல்ட் தவறி ஓடினாலும், எக்ஸ்எல்ஆர் கேபிள் சரியாக இருந்தால் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய உலோக நாடா உள்ள ரிப்பன் மைக்கில் அந்த விளையாட்டு வேண்டாம்.

எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 மி.மீ. பின்னுக்குப் போகும் மலிவு கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் விசித்திரமான பழுது: ஹெட்போனில் குரல் கேட்கிறது, மோனோவாக மாற்றியதும் காணோம். உள்ளே 2-ஆம் முள்ளை இடது பக்கத்துக்கும் 3-ஆம் முள்ளை வலது பக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் சிக்னல், கூட்டினால் பூஜ்யம். ஏற்கெனவே பதிந்துவிட்டால் ஸ்டீரியோவைப் பிரித்து இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஜாக்கில் வருவது ஐந்து வோல்ட்டுக்குள்தான், ஏடி2020-க்கு அது போதாது.

கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில், கண்டன்சர் 'பட் பட்' என்று பொரிய ஆரம்பித்தால் உடைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சவ்வு இருக்கும் கேப்சூலில் ஈரம் ஏறி மின்னூட்டம் கசிகிறது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் சவ்வுக்கு ஆகாது. எஸ்எம்58-க்கு இந்தக் கவலை கிடையாது.

இப்போதைக்கு நிற்கும் அமைப்பு: பேச்சு, பாட்காஸ்ட், ஃபேன் தேவைப்படும் பகல் நேரம் என்றால் எஸ்எம்58, 5 செ.மீ., கெயின் 50. நீள வாசிப்பு, இரவு, ஃபேன் இல்லை, முதுகுக்குப் பின் மெத்தை என்றால் ஏடி2020, 15 செ.மீ., கெயின் 42. அடுத்துச் செய்ய வேண்டியது, எஸ்எம்58-ஐப் பூம் ஆர்மில் மேலிருந்து கீழாக, வால் ஃபேனைப் பார்க்கும்படி தொங்கவிடுவது. ஃபேன் பக்கவாட்டில் இருந்தால் கார்டியாய்டு 6 டெசிபல்தான் கழிக்கும், நேர் பின்னால் வந்தால் அதைவிட நிறையக் கழிக்க வேண்டும். டைல்ஸ் தரை அதில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒரு கம்பளி விரித்தும் விரிக்காமலும் அளந்தால் தெரிந்துவிடும்.